சுருளுக்குத் திரும்புகிறவர்கள் எதை நம்பித் திரும்புகிறார்கள்?

2024 ஜூனில் பென்டாக்ஸ் 17 என்றொரு கேமரா அறிமுகமானது. ஃபிலிம் போட்டு எடுக்கிற கேமரா. 35 மி.மீ. சுருளின் ஒரு கட்டத்தை இரண்டாகப் பங்கிட்டு, 36 படச் சுருளில் 72 படம் எடுக்க வைக்கிறது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கட்டைவிரலால் நெம்பித் தள்ளிச் சுருளை நகர்த்த வேண்டும். எதிரே நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று கண்ணால் மதிப்பிட்டு லென்ஸைத் திருப்பி வைக்க வேண்டும். கேனான் தன் கடைசி ஃபிலிம் கேமராவின் விற்பனையை 2018-இலும், நிக்கான் தன் எஃப்6-ஐ 2020-இலும் நிறுத்தியிருந்த நிலையில், ஒரு பெரிய ஜப்பானிய நிறுவனம் அடிப்படையிலிருந்து புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவை வடிவமைத்தது சாதாரணச் செய்தி அல்ல. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2022-இல், லைகா தன் பழைய எம்6-ஐ மறுபடி தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

இந்தச் செய்தியை இன்னொரு கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியக் கேமரா நிறுவனங்கள் 2010-இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்களைச் சந்தைக்கு அனுப்பின. 2023-இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இடைவெளியைக் கைப்பேசி விழுங்கிவிட்டது. ஆக, கேமரா என்று தனியாக ஒன்றைத் தோளில் மாட்டுவதே இன்று சிறுபான்மையோரின் பழக்கம். அந்தச் சிறுபான்மையிலிருந்து இன்னும் சிறிய ஒரு கூட்டம், கையிலிருக்கும் டிஜிட்டலை ஒதுக்கிவிட்டுச் சுருளுக்குப் போகிறது. இவர்களில் பலரை 'திரும்புகிறவர்கள்' என்று சொல்வது பொருந்தாது. ஃபிலிம் கடைகளை விட்டுப் போன காலத்தில் பிறந்தவர்கள், முதன்முறையாக இப்போதுதான் வருகிறார்கள். வந்த காரணம் கேட்டால் இரு சாராரும் அநேகமாக மூன்றையே சொல்கிறார்கள்: படத்தின் அழகு, வேலையின் நிதானம், நெகட்டிவ் என்ற பொருளின் நிலைப்பு. மூன்றும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம்.

அழகைப் பற்றிய பேச்சில் உண்மை உண்டு. ஜெலட்டினில் பரவிக் கிடக்கும் வெள்ளி உப்பின் படிகங்கள்மீது ஒளி படும்போது, ஒரு படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்று சேர்ந்தாலே போதும். கழுவும் திரவமான டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். படிகங்கள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடப்பதால் படத்தின் பரப்பில் ஒரு நொறுநொறுப்பு வருகிறது. டிஜிட்டல் சென்சாரில் கட்டங்கள் வரிசை பிசகாமல் நிற்கும். இதைவிட முக்கியமானது வெளிச்சத்தின் மேல் எல்லையில் நடப்பது. சென்சாரின் கட்டம் நிரம்பிவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் வெறும் வெள்ளை. நெகட்டிவோ மெல்ல மெல்லத்தான் நிரம்பும். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரை எடுத்தால், வேட்டியின் மடிப்புகள் நெகட்டிவில் தங்கிவிடும். டிஜிட்டலில் கொஞ்சம் அதிகம் திறந்துவிட்டால் மடிப்பு போனது போனதுதான். நிழலில் இது தலைகீழ். அங்கே டிஜிட்டல் தோண்டி எடுத்துத் தருவதை ஃபிலிம் தராது.

ஆனாலும் அழகு என்ற காரணம் மட்டும் ஒருவரைத் திருப்பப் போதாது என்றே நினைக்கிறேன். செபாஸ்தியாவோ சல்காடோவின் கதையே இதற்குச் சான்று. நெடுங்காலம் கருப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்த புகைப்படக்காரர். 'ஜெனசிஸ்' என்ற நெடும்பணியின் நடுவே, 2008-இல், டிஜிட்டலுக்கு மாறினார். விமான நிலைய எக்ஸ்ரே சோதனைகளில் சுருள்கள் திரும்பத் திரும்பச் சிக்கிப் பாழாவது ஒரு முக்கியக் காரணம். மாறிய பிறகும் அவர் கணினித் திரையில் படம் தேர்ந்தெடுக்கவில்லை. பழையபடி கான்டாக்ட் தாள்களாக அச்சிடச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தேர்ந்த படங்களுக்கு ஃபிலிமின் நொறுநொறுப்பைக் கணினியில் சேர்த்து, அதிலிருந்து பெரிய நெகட்டிவ்கூடச் செய்துகொண்டார். 'ஜெனசிஸ்' நூலில் எது ஃபிலிம், எது டிஜிட்டல் என்று பக்கம் பக்கமாகப் பிரித்துச் சொல்ல தேர்ந்த கண்களாலும் முடியாது. நம் நாட்டில் ரகு ராயும் 2003 வாக்கில் டிஜிட்டலைக் கையில் எடுத்தவர், பிறகு ஃபிலிமுக்குத் திரும்பவில்லை. இவர்கள் இருவரின் கண்ணும் கருவியோடு சேர்ந்து மாறிவிடவில்லை. இன்றைக்கு ஃபியூஜியின் டிஜிட்டல் கேமராக்களில் பழைய ஃபிலிம்களின் நிறச் சாயல் உள்ளேயே கிடைக்கிறது. சாயல் மட்டும் வேண்டுமென்றால் அது போதும்.

இரண்டாவது காரணம் நிதானம். 36 படம்தான், ஒவ்வொன்றும் காசு, எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. ஆகவே பார்த்துப் பார்த்து எடுப்போம் என்கிறார்கள். இதில் பாதி சரி. மறு பாதிக்கு கேரி வினோகிராண்ட் பதில் சொல்வார். நியூயார்க் தெருக்களையும் பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸையும் சுட்டுத் தள்ளிய அந்த மனிதர் 1984-இல் இறந்தபோது, டெவலப்பே செய்யாத சுருள்கள் மட்டும் ஏறத்தாழ 2,500 மிச்சமிருந்தன. கழுவியும் அவர் ஒழுங்காகப் பார்த்திராதவை இன்னும் ஆயிரக்கணக்கில். ஒரு டிஜிட்டல் கேமராக்காரரின் நிரம்பி வழியும் மெமரி கார்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஃபிலிம் யாரையும் நிதானப்படுத்துவதில்லை, காசில்லாதவரைத்தான் நிதானப்படுத்துகிறது. திரையைப் பார்க்காமல் எடுக்கும் ஒழுக்கம் வேண்டுமென்றாலும் ஃபிலிம் கட்டாயமில்லை. லைகா 2016-இல் பின்புறத் திரையே இல்லாத எம்-டி என்ற டிஜிட்டல் கேமராவை விற்றது.

ஒன்றை மட்டும் இங்கே விட்டுக்கொடுக்க மாட்டேன். எடுத்ததற்கும் பார்ப்பதற்கும் இடையே விழும் நாட்கள், காசுக் கணக்கைவிடப் பெரிய வேலை செய்கின்றன. திரையில் உடனே பார்க்கிறவர், எதிரே இருக்கும் மனிதரை விட்டுவிட்டுத் தன் படத்தோடு பேசத் தொடங்கிவிடுகிறார். முகம் குனிகிறது, பேச்சு அறுகிறது. ஒரு வாரம் கழித்துச் சுருள் கழுவி வரும்போது எடுத்த நேரத்தின் ஆசையும் பதற்றமும் வடிந்திருக்கும். எது நல்ல படம் என்று அப்போது தெரிவதுபோல் எடுத்த மாலையில் தெரியாது. வினோகிராண்டே இதை அறிந்து, வேண்டுமென்றே நாள் கடத்திக் கழுவியவர்தான். அவர் கடத்தியது வரம்பு மீறியது என்பது வேறு.

மூன்றாவது காரணம்தான் கனமானது. நெகட்டிவ் ஒரு பொருள். அந்த ஒளி அந்த மனிதர்மீது பட்டுத் தெறித்து வந்து தொட்ட அதே துண்டு. அதைப் படிக்க இயந்திரம் வேண்டாம், ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் போதும். 1897-இல் பலூனில் வடதுருவம் போகக் கிளம்பிய ஆந்த்ரே குழுவினர் மூவரும் பனியில் இறந்தார்கள். 1930-இல் ஓர் ஆர்க்டிக் தீவில் அவர்கள் முகாம் கிடைத்தபோது கேமராச் சுருள்களும் கிடைத்தன. 33 ஆண்டுகள் பனியிலும் ஈரத்திலும் கிடந்த அந்தச் சுருள்களிலிருந்து 93 படங்களை மீட்க முடிந்தது. எந்த ஹார்ட் டிஸ்க்கையும் நம்பி இப்படி ஒரு பந்தயம் கட்ட மாட்டேன்.

இந்தக் காரணம் அண்மையில் இன்னும் வலுத்திருக்கிறது. 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர், சோனி உலகப் புகைப்பட விருதின் ஒரு பிரிவில் தேர்வான தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது என்று அறிவித்து விருதை மறுத்தார். நடுவர்களாலேயே பிரிக்க முடியாத நிலை வந்த பிறகு, 'இதோ நெகட்டிவ்' என்று காட்ட முடிவது ஒரு பலம். முழுச் சான்று ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் இரண்டு சிறுமிகள் அட்டையில் வெட்டிய தேவதைகளை நிறுத்திவைத்து எடுத்த படங்களுக்கும் ஒழுங்கான கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்தன. நெகட்டிவில் கைவைத்தார்களா என்று மட்டும் ஆராய்ந்தவர்கள் ஏமாந்தார்கள். எதிரே ஒன்று இருந்தது என்பதற்குத்தான் நெகட்டிவ் சாட்சி. இருந்தது உண்மையா என்பதற்கு அல்ல.

நிலைப்பு என்று பேசும்போது நம் ஊர்த் தட்பவெப்பத்தை மறக்கக் கூடாது. கருப்பு வெள்ளை நெகட்டிவில் கடைசியாக நிற்பது உலோக வெள்ளி. வண்ண நெகட்டிவில் வெள்ளியைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள்; மிஞ்சுவது சாயம், அது மங்கும். அசிட்டேட் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளித்த காடி வாடை அடிக்கத் தொடங்கினால் பிறகு காப்பாற்றுவது கடினம். ஜெலட்டினில் பூஞ்சை ஏறும். தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய கண்ணாடித் தகடுகளையும் அச்சுகளையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் ஆதரவோடு தேடித் திரட்டியிருக்கிறது. சிதையும் அந்தப் பொருள்களைக் காப்பதற்கு அவர்கள் கைக்கொண்ட வழி டிஜிட்டல் நகல். பொருளைக் கோப்பும் கோப்பைப் பொருளும் தாங்க வேண்டியிருக்கிறது. இதில் ஒன்றை விட்டு ஒன்றுக்கு முற்றாகப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த மூன்று காரணங்களைப் பற்றி நடக்கும் விவாதங்களில் பெரும்பாலும் ஒன்று விட்டுப்போகிறது. ஃபிலிமுக்குத் திரும்புவது ஒருவருடைய ரசனை எடுக்கும் முடிவுபோலத் தெரிகிறது. உண்மையில் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகள், ஊருக்கு ஒன்றாகக் குறைந்துவிட்ட லேப்கள், வயதாகிவிட்ட கேமரா மெக்கானிக்குகள் என்ற சங்கிலியில் தொங்குகிறது. டிஜிட்டல் கேமராவை ஒருமுறை வாங்கிவிட்டால் அது பழுதாகும்வரை நம் சொத்து. ஃபிலிம் கேமராவுக்கு ஒவ்வொரு மாதமும் எங்கோ ஓர் ஆலை ஓட வேண்டும்.

சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோடாக்குரோமை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1935-இல் வந்த ஸ்லைடு ஃபிலிம். மற்ற வண்ண ஃபிலிம்களில் நிறத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் சுருளிலேயே இருக்கும். கோடாக்குரோமில் அது கழுவும் திரவத்தில் இருந்தது. அதனாலேயே நிறங்கள் நீண்ட நாள் மங்காமல் நின்றன. அதனாலேயே வீட்டிலோ சிறு லேபிலோ கழுவ முடியாது. கோடாக் 2009-இல் தயாரிப்பை நிறுத்தியது. ஆலையிலிருந்து வந்த கடைசிச் சுருளைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கும் வந்து, ராஜஸ்தானின் ரபாரி மக்களைப் படமெடுத்தார். அதைக் கழுவியது கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரிலிருந்த ட்வைன்ஸ் லேப். உலகத்திலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த கடைசி இடம் அதுதான். 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு அவர்களும் சுருள் வாங்கவில்லை. அன்று யாருடைய அலமாரியிலாவது கிடந்த கோடாக்குரோம், அதன் பிறகு தன் வண்ணத்தை அநேகமாக ஒருபோதும் காட்டாது. கேமரா இருந்தது, சுருள் இருந்தது, எடுத்தவரும் இருந்தார். லேப் இல்லை.

கோடாக் நிறுவனமே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 1975-இல் ஸ்டீவ் சாஸன் என்ற பொறியாளர், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்ட முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தது அதே நிறுவனத்துக்குள்தான் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது, கோடாக்கின் ஃபிலிம் பிழைத்த விதம். பிழைக்க வைத்தது நம்மைப் போன்ற புகைப்படக்காரர்கள் அல்ல, சினிமா. 2006-இல் 1,240 கோடி அடியாக இருந்த கோடாக்கின் சினிமா ஃபிலிம் விற்பனை 2014-இல் சுமார் 45 கோடி அடிக்கு இறங்கியது. ரோச்செஸ்டர் நகரில் மிஞ்சியிருந்த பூச்சு ஆலையையும் மூடும் பேச்சு வந்தபோது கிறிஸ்டோபர் நோலன், குவென்டின் டாரன்டினோ போன்ற இயக்குநர்கள் தலையிட்டு, ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் ஆண்டுதோறும் இவ்வளவு வாங்குகிறோம் என்று ஒப்பந்தம் செய்ய வைத்தார்கள். 2023-இல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக 65 மி.மீ. அளவில் கருப்பு வெள்ளை ஃபிலிமைக் கோடாக் தனியாகத் தயாரித்துத் தந்தது. இன்று கல்லூரி மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் கேமராவில் போடும் கோல்டு 200 சுருள், அந்தச் சினிமாக்காரர்கள் ஓட வைத்த ஆலையிலிருந்து வருவது. 2024 நவம்பரில் அந்த ஆலையை மேம்படுத்த உற்பத்தியைச் சிறிது காலம் நிறுத்தினார்கள். விரிவாக்குவதற்காக ஒரு ஃபிலிம் ஆலை நிற்கும் என்று பத்தாண்டுக்கு முன் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மற்றவர்கள் கதை சுருக்கமானது. இங்கிலாந்தின் மாபர்லியில் ஆலை வைத்திருந்த இல்ஃபோர்டு 2004-இல் நொடித்தது. அதன் மேலாளர்கள் சிலர் ஆலையைத் தாங்களே வாங்கி ஹார்மன் என்ற பெயரில் நடத்தினார்கள். 2023-இல் ஹார்மன் சொந்தமாக ஒரு வண்ணச் சுருளும் கொண்டுவந்தது. போலராய்டு 2008-இல் உடனடிப் படத்தாளைக் கைவிட்டபோது நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையை ஒரு சிறு குழு காப்பாற்றியது. ஃபியூஜி 2018-இல் நிறுத்திய அக்ரோஸை மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தது. செக் நாட்டில் ஃபோமா விடாமல் ஓடுகிறது. பட்டியல் இதைவிட வெகு நீளமானதல்ல.

இந்தப் பட்டியலில் ஒரு காலத்தில் நம் ஊட்டியும் இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விட வருத்தத்தோடு எழுதுகிறேன். 1960-இல் பொதுத்துறை நிறுவனமாகத் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், பிரான்சின் பூஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்தியில் இறங்கியது. நீலகிரியைத் தேர்ந்தது குளிருக்காகவும் தூசியற்ற காற்றுக்காகவும். 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள், சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், புகைப்படத் தாள் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு இன்றும் இந்து நகர்தான். வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, முழு இருட்டில், மயிரிழைக்கும் மெல்லிய அடுக்காகப் பூசும் கலை உலகில் மிகச் சில நாடுகளுக்கே கைவந்தது. அதைக் கற்ற தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். உலகம் வண்ணத்துக்கு மாறியது. 1990-களில் இறக்குமதி எளிதானது. விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. நிறுவனம் நலிந்து, ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2010-களில் எஞ்சியிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு தந்து மூடும் முடிவுக்கு மத்திய அரசு வந்தது. டிஜிட்டல் வந்து அதைக் கொன்றது என்று சொல்வது எளிது. ஆனால் இந்தியச் சந்தையை டிஜிட்டல் பிடிப்பதற்கு முன்பே அது படுத்துவிட்டது. இல்ஃபோர்டு ஆலையை அதன் மேலாளர்களே மீட்டார்கள். இங்கே தொழிலாளர்களும் சங்கங்களும் எத்தனையோ ஆண்டு போராடியும் அப்படியொரு வழி திறக்கவில்லை. இன்று சென்னையிலோ மதுரையிலோ ஃபிலிமுக்குத் திரும்புகிறவர் ரோச்செஸ்டரையும் மாபர்லியையும் எதிர்பார்த்து, இறக்குமதி வரி கட்டி வாங்குகிறார்.

அந்தச் செலவையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒரு வண்ணச் சுருள் இப்போது ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. கழுவவும் ஸ்கேன் செய்யவும் அதில் பாதியாவது ஆகும். 36 படமென்றால் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ஏறக்குறைய நாற்பது ரூபாய். கோனிகா, கோடாக் பலகைகள் மாட்டிய கலர் லேப்கள் தாலுகா ஊர்களில்கூட இருந்த காலம் போய், சுருளைக் கூரியரில் அனுப்பிக் காத்திருக்கும் காலம் வந்துவிட்டது. அதோடு, லேபிலிருந்து பெரும்பாலும் திரும்பி வருவது அச்சு அல்ல, கோப்பு. எடுத்தது ஃபிலிமில், பார்ப்பது கைப்பேசியில் என்றால், மேலே சொன்ன மூன்றாவது காரணம் நெகட்டிவைப் பத்திரமாகத் திரும்ப வாங்கி வைக்கும்வரைதான் உயிரோடிருக்கும். லேபிலேயே நெகட்டிவை விட்டுவிட்டு வருகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டிஜிட்டலை விடவில்லை, அதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள்.

என் தீர்ப்பு கருப்பு வெள்ளையின் பக்கம். வண்ணத்தின் சி-41 முறைக்கு 38 பாகை வெப்பத்தில் திரவத்தைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். அது லேபின் வேலை. கருப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையில் கழுவலாம். புத்தகங்களெல்லாம் 20 பாகை என்று சொல்லும், நம் குழாய்த் தண்ணீரோ கோடையில் 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஏழெட்டு நிமிட வேலை பாதிக்கும் கீழே சுருங்கி, படம் திட்டுத்திட்டாக வரும். ஆகவே ஐஸ் கட்டி போட்ட பக்கெட்டுக்குள் திரவ டப்பாக்களை நிறுத்தி 24 பாகைக்காவது இறக்கி, அதற்கேற்ப நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவும் கழுவும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். திடீரென்று மாறினால் ஜெலட்டின் சுருங்கி வெடிக்கும். வாங்கிய சுருளை ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுப் பிரியுங்கள். புதிய சி.டி. வகைச் சோதனை இயந்திரங்கள் உள்ள விமான நிலையங்களில் சுருளைக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே தடவை உள்ளே போனாலும் புகைமூட்டம் படியலாம்.

டி-76 என்ற பெயர்பெற்ற டெவலப்பரின் செய்முறை ஒளிவுமறைவற்றது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். எந்த நிறுவனம் மூடினாலும் இதை ரசாயனக் கடையில் வாங்கி எடைபோட்டுக் கலக்கலாம். சங்கிலியில் நம் கைக்குள் வரும் கண்ணி இது. சுருளைப் பூசும் கண்ணி வராது. ஆகவே காலாவதியான பழைய சுருள்களை ஏலத்தில் தேடி வாங்குவதைவிட, இந்த ஆண்டு பூசிய சுருளை வாங்குவதே சரி. பழைய சுருளுக்குக் கொடுக்கும் காசில் ஆலைக்கு ஒரு பைசாவும் போகாது. லேபுக்கும் இதே கணக்குதான். வண்ணத் திரவம் நாள்தோறும் சுருள் விழுந்து, புதுத் திரவம் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் ஒரே தரத்தில் நிற்கும். சும்மா கிடந்தால் காற்றுப்பட்டுக் கெடும். எடுத்து முடித்த சுருள்களை மேசை இழுப்பறையில் சேர்த்து வைக்காமல், நான்கு நண்பர்கள் கூடி மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரே லேபுக்கு அனுப்பினால் அந்த லேபில் திரவம் கெடாமல் இருக்கும்.